சிக்கிள் செல்லும் கர்ப்பமும்: கேள்வி பதில்

சிக்கிள் செல் என்பது ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்துவிடுகிற பரம்பரை நோய். பிரசவ வார்டில் செவிலியராக இருந்தவள் நான், டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவது உங்கள் டாக்டர் வேலை.

வேளச்சேரி: அக்கா, எனக்கு சிக்கிள் செல், அதற்கான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை சாப்பிடுகிறேன். குழந்தைக்கு முன் என்ன செய்யணும்?

முதலில் வீட்டுக்காரருக்கு ஹெச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் எந்த வகை என்று காட்டும்) ரத்தப் பரிசோதனை. ஒரு தொந்தரவும் இல்லாமலே அவர் சிக்கிள் செல் மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கலாம். அப்படியென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தலசீமியா என்கிற இன்னொரு பரம்பரை ரத்த நோயைச் சுமப்பவர் என்றாலும் இதே சிக்கல்தான், அதனால் 'எங்க பக்கம் யாருக்கும் சிக்கிள் செல் இல்லை' என்று அவர் சொல்வதை வைத்து விட்டுவிடாதீர்கள். ஹைட்ராக்ஸியூரியாவைக் கருத்தரிப்பதற்கு 3 மாதம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஃபோலிக் அமிலம் இப்போதே ஆரம்பிக்கலாமா, எவ்வளவு என்றும் கேளுங்கள்.

பெரம்பூர்: மருமகளுக்கு ஹீமோகுளோபின் 8. பீட்ரூட், பேரீச்சம்பழம், இரும்பு மாத்திரை எதற்கும் ஏறவில்லையே?

ஏறாதும்மா. சாதாரண சிவப்பணு 120 நாள் தாங்கும், இவளுக்கு அது அரிவாளாக வளைந்து 10, 20 நாளிலேயே உடைந்துவிடுகிறது. பீட்ரூட் சாப்பிடட்டும், பாவம் அது என்ன செய்யும். இரும்பு மாத்திரை மட்டும் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகுதான், ஏனென்றால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கு உடம்பில் இரும்பு ஏற்கெனவே தேங்கியிருக்கும். கர்ப்பிணி என்றாலே இரும்பு மாத்திரையை நீட்டுவார்கள், அங்கேயே சிக்கிள் செல் என்று சொல்லிவிடுங்கள். எண் குறைவு என்பதற்காக மட்டும் ரத்தமும் ஏற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். போன தடவை எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துதான் முடிவெடுப்பார்கள்.

அம்பத்தூர்: எட்டாவது மாதம், இந்த வெயிலில் கால் எலும்பெல்லாம் வலி. வீட்டில் மாத்திரை போடலாமா?

பாராசிட்டமால் போடலாம். ஐபுப்ரோஃபென், டிக்ளோஃபெனாக் இந்த மாதத்தில் கூடாது, மெடிக்கல் ஷாப்பில் சும்மா எடுத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கத்திரி வெயிலில் உடம்பு வற்றினாலே வலி கிளம்பும், தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர், மோர் குடியுங்கள். வலி அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிதான். காய்ச்சல், நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், கடுமையான தலைவலி, இதில் எது வந்தாலும் ராத்திரி 2 மணி ஆனாலும் கிளம்புங்கள். விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும், இந்த நோய் நுரையீரலில் பிடித்துக்கொண்டால் சில மணி நேரத்தில் நிலைமை மாறிவிடும்.

தாம்பரம்: கண்டிப்பாக சிசேரியன்தானா?

இல்லை. இந்த நோய்க்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. ரத்த வங்கியும் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கிற ஆஸ்பத்திரியா என்று மட்டும் பாருங்கள். ஏற்கெனவே பலமுறை ரத்தம் ஏற்றியிருந்தால் பொருந்துகிற ரத்தம் தேட நேரமாகும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அதே தாம்பரம்: தங்கை நோய் இல்லாமல் மரபணுவைச் சுமப்பவள் மட்டும்தானாம், அவளுக்கும் இதெல்லாமா?

பெரும்பாலும் மற்றவர்களைப் போலத்தான் இருப்பாள். மாப்பிள்ளைக்கு மட்டும் அந்த ஹெச்.பி.எல்.சி. ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள்.