பஞ்சாயத்துக்கு அதிகாரம் இல்லையா?

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு டீக்கடை. காலையில் பிள்ளைகள் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்பதும், ஆட்கள் பீடி சிகரெட் பிடிப்பதும் அங்கேதான். ஊராட்சித் தலைவரிடம் சொன்னால் "அது போலீஸ் வேலை, பஞ்சாயத்துக்கு அதிகாரம் கிடையாது" என்கிறார். நிஜமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: இல்லைங்க, அவர் சொல்வது தவறு. 2003-ல் வந்த மத்திய அரசின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொது இடத்தில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். அதை யார் யார் வசூலிக்கலாம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நகராட்சி சுகாதார அலுவலர், பள்ளித் தலைமையாசிரியர், ஸ்டேஷன் மாஸ்டர் எல்லோரும் இருக்கிறார்கள், அவரவர் எல்லைக்குள் ஊராட்சித் தலைவரும் ஊராட்சிச் செயலரும்கூட இருக்கிறார்கள். போலீஸுக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்து, "திறந்தவெளிதானே, அங்கே சட்டம் செல்லாது" என்று யாராவது கிளம்புவார்கள். பாதிதான் சரி. சட்டம் திறந்தவெளியை விட்டுவிட்டது உண்மை, அதனால் தெருவில் நடந்துகொண்டே பிடிப்பவரை ஒன்றும் செய்ய முடியாது, இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், மக்கள் வந்துபோகிற ஸ்டேடியம், ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட், பஸ் ஸ்டாப் போன்றவை அந்த விலக்கில் சேராது என்று தெளிவாகச் சொல்லிவிட்டன. உங்கள் பிள்ளைகள் நிற்கிற இடம் அதில் வந்துவிடுகிறது.

அப்புறம் டீக்கடை. கடைக்குள் உட்கார்ந்து பிடிப்பதற்கும் தடை உண்டு. கடைத் தூணில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிற லைட்டர், பெஞ்சுக்கு அடியில் சாம்பல் தட்ட வைத்த தகர டப்பா, இவை எதையும் கடைக்காரர் வைத்திருக்கவே கூடாது. 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவில் 'புகைபிடிக்கக் கூடாத இடம்' என்ற போர்டு வைக்க வேண்டியதும் அவர்தான். புகார் வந்த பிறகும் கண்டுகொள்ளாமல் இருந்தால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை பேருக்கான அபராதமும் அவர் தலையில் விழும். பிடிப்பவர்களோடு தினமும் சண்டை போடுவதைவிட இந்த விதியை எடுத்துச் சொல்வது சீக்கிரம் வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

பக்கத்தில் பள்ளி இருக்கிறதா? 100 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், சிகரெட் பீடி விற்பதே குற்றம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எங்குமே விற்கக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், பஸ் ஸ்டாப்பில் போர்டு வைக்கவும் அபராத ரசீதுப் புத்தகம் வாங்கவும் தீர்மானம் கேளுங்கள், நாலைந்து பெண்கள் சேர்ந்து போனால் தட்டிக்கழிப்பது கஷ்டம். வாய்ப் பேச்சாக விடாமல் கடைக்காரருக்கும் தலைவருக்கும் எழுத்தில் கொடுங்கள், ஏனென்றால் 'புகார் வந்தது' என்று காட்டினால்தான் கடைக்காரர் மீதான அந்த விதியைப் பிடிக்க முடியும். மனுவில் இடம், தேதி, நேரம் இருக்கட்டும். ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.