துடைத்த ரைஃபிளைத் திரும்ப மாட்டும்போது: கேள்வி பதில்

கேள்வி: லைசென்ஸில் இஷாப்பூர் .315 ரைஃபிள் வைத்திருக்கிறேன். துடைத்து எண்ணெய் போட்ட பிறகு போல்ட் (குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் உருளை) உள்ளே நுழையவே மாட்டேன் என்கிறது. லேசாகத் தட்டி ஏற்றலாமா? (வாசகர், கூடலூர்)

பதில்: தட்டாதீர்கள். .315-இல் இருப்பது பழைய .303 லீ என்ஃபீல்டின் போல்ட் அமைப்புதான். அதைக் கழற்றித் துடைக்கிற பலரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். போல்ட்டின் வால் பக்கம் காக்கிங் பீஸ் (ஊசியோடு இணைந்த பின்துண்டு) உட்கார இரண்டு பள்ளங்கள் உண்டு, ஒன்று குட்டை, இன்னொன்று நீளம். போல்ட் வெளியே இருக்கும்போது அது குட்டைப் பள்ளத்தில் பின்தள்ளி நிற்க வேண்டும். துணியால் முறுக்கித் துடைக்கையில் சரிந்து நீளப் பள்ளத்தில் விழுந்துவிடும். முன்னால் ஊசி முனை நீட்டிக்கொண்டிருந்தால் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

மேஜை விளிம்பில் துணி போட்டு, காக்கிங் பீஸின் கொக்கியை அதில் மாட்டி, போல்ட்டை இழுத்துப் பிடித்தபடி கைப்பிடியைத் திருப்புங்கள். குட்டைப் பள்ளத்தில் ஏறி உட்காரும். ஸ்பிரிங் முரட்டுத்தனமானது, விரலை இடையில் வைக்காதீர்கள். இப்போது போல்ட்டின் முதுகில் ஓடும் நீள வரம்பும் காக்கிங் பீஸும் ஒரே நேர்கோட்டில் தெரியும்.

அடுத்தது போல்ட் ஹெட், அதாவது போல்ட்டின் முன்னால் மரையில் ஏறும் தலை. கையால் கடைசிவரை மரை ஏற்றி, அதன் பக்கவாட்டில் நீட்டிய காது வரம்போடு ஒட்டி நிற்கும்படி நிறுத்துங்கள். ஒரு சுற்று குறைந்தாலும் காது அதே இடத்தில்தான் வந்து நிற்கும், அதனால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தலைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி இருக்கும், போல்ட் பூட்டாது. அந்த நிலையில் உள்ளங்கையால் அடித்துப் பூட்டப் பார்க்கிறவர்களும் உண்டு. மரை போவது அப்படித்தான். போல்ட்டை உள்ளே தள்ளியபின் காதைக் கீழே அழுத்தினால், ரிசீவரின் (போல்ட் ஓடும் உடற்பகுதி) வலது விளிம்பில் ‘டக்’கென்று உட்கார வேண்டும்.

கேள்வி: எங்கள் காவல் பிரிவில் இரண்டு .303 ரைஃபிள்களை ஒன்றாகத் துடைத்தோம். போல்ட் மாறிவிட்டதோ என்று சந்தேகம். இரண்டுமே நன்றாகத்தான் பூட்டுகின்றன.

பதில்: பூட்டுகிறது என்பது போதாது. போல்ட் கைப்பிடியின் அடியில் பொறித்த எண்ணும் ரிசீவரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டையும் அந்தந்த ரைஃபிளுக்கென்றே பொருத்தியிருப்பார்கள். .303-இல் போல்ட் முகத்துக்கும் தோட்டா விளிம்பு தங்கும் இடத்துக்கும் உள்ள அளவு 0.064 முதல் 0.074 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். அது கூடினால் சுடும்போது தோட்டாக்கூடு பின்னால் இழுபட்டு, அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே அறுந்துபோகும். எண் பொருந்தவில்லையென்றால் ஆர்மரர் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கேஜ் என்ற அளவுகருவி வைத்துப் பார்க்கும்வரை சுட வேண்டாம்.

கேள்வி: .303-இன் தோளில் வைக்கும் பின்கட்டை ஆடுகிறது. பட் பிளேட் வழியாக நீள ஸ்க்ரூடிரைவர் விட்டு இறுக்கலாமா?

பதில்: முன்கட்டை (குழலுக்கு அடியில் வரும் மரம்) மாட்டியிருக்கும்போது கூடவே கூடாது. எஸ்எம்எல்இ (ஷார்ட் மேகஸின் லீ என்ஃபீல்டு) ரகத்தில் பின்கட்டையை இறுக்கும் நீள போல்ட்டின் முனை சதுரமானது. அது முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் கோத்து நிற்கும். அப்படியே திருப்பினால் சதுரத்தின் மூலைகள் மரத்தை விலக்கி, முன்கட்டையின் பின்பகுதி பிளக்கும். முதலில் முன்கட்டையைக் கழற்றி, பிறகு இறுக்கி, சதுரத்தின் பக்கங்கள் நேராக வரும்படி நிறுத்தி, அதற்குப் பிறகே முன்கட்டையை ஏற்றுங்கள். பிளவு விழுந்த பழைய முன்கட்டைகளில் பலவற்றின் கதை இதுதான்.

கேள்வி: சேஃப்டியைக் கழற்றி மாட்டினேன். லீவர் திரும்புகிறது, ஆனால் போல்ட் பூட்டவில்லை.

பதில்: லீவரில் இருப்பது சாதா மரையல்ல, பல இடங்களில் தொடங்கும் மரை. ஒரு தொடக்கம் தள்ளி ஏற்றினாலும் லீவர் திரும்பும், வேலை செய்யாது. கழற்றி அடுத்த தொடக்கத்தில் ஏற்றிப் பாருங்கள். சோதிக்கும் முன் மேகஸினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் குழலறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். காக் செய்து (காக்கிங் பீஸைப் பின்னால் நிறுத்தி) சேஃப்டி போட்டு டிரிகரை அழுத்தினால் காக்கிங் பீஸ் முன்னால் விழக்கூடாது. கையை எடுத்து, சேஃப்டியை விலக்கும்போதும் விழக்கூடாது. மறுபடி அழுத்தினால் மட்டுமே விழ வேண்டும். இரண்டாவது கட்டத்தில் விழுந்தால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பணிமனைக்கு அனுப்புங்கள், வீட்டில் அரம் போடாதீர்கள்.

கேள்வி: குழலுக்குள் எண்ணெய் விட்டு வைத்தால் துரு பிடிக்காதுதானே?

பதில்: வைப்பதற்குச் சரி, சுடுவதற்குச் சரியல்ல. சுடும் முன் 4க்கு 2 அங்குல உலர்ந்த துணியைப் புல்-த்ரூவில் (குழலுக்குள் துணி இழுக்கும் கயிறு) கோத்து, சேம்பர் பக்கமிருந்து வாய்ப்பக்கமாக நேராக இழுங்கள். சாய்த்து இழுத்தால் கயிறு குழல்வாயைத் தேய்க்கும். சேம்பரைத் தனியாகத் துடையுங்கள். அங்கே எண்ணெய் இருந்தால் தோட்டாக்கூடு சுவரைப் பிடிக்காமல் வழுக்கி, விசை முழுவதும் போல்ட் முகத்தில் வந்து இறங்கும்.

கேள்வி: என்சிசியில் .22 ரைஃபிளை மாட்டியபின் வெறுமனே டிரிகர் தட்டக்கூடாது என்கிறார்கள். ஏன்? (மாணவி, திருச்சி)

பதில்: .22 தோட்டாவின் விளிம்பில்தான் ஊசி அடிக்கும். தோட்டா இல்லையென்றால் பல ரைஃபிள்களில் அந்த அடி நேராகச் சேம்பர் விளிம்பில் விழுந்து வடு போடும். வடு பெரிதானால் தோட்டா உள்ளே போகவும் வெளியே வரவும் சிக்கும்.