கொரிய முகாமுக்கு வரமாட்டேன் என்கிறான் மகன்

கேள்வி: மின்னசோட்டாவில் வசிக்கிறோம். கொரியாவிலிருந்து தத்தெடுத்த மகனுக்கு 9 வயது. நாங்கள் பெற்ற மகளுக்கு 6. கோடையில், தத்துப்பிள்ளைகளுக்காக நடக்கும் கொரியக் கலாச்சார முகாமுக்குப் போகலாம் என்றால், "நான் அமெரிக்கன், எனக்கு எதுக்கு?" என்கிறான். கட்டாயப்படுத்தலாமா? மகளையும் அழைத்துப் போகலாமா?

பதில்: கட்டாயப்படுத்த வேண்டாம். தனியாக அனுப்பவும் வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தோர் எல்லோரும் சேர்ந்து போகும் குடும்ப முகாமாகப் பாருங்கள். கொலராடோவில் நடப்பது அந்த வகைதான்; மகளும் தாராளமாக வரலாம். ஒரேகானில் ஹோல்ட் என்ற தத்தெடுப்பு அமைப்பு 1983 முதல் நடத்துவதில் பிள்ளைகள் மட்டும் தங்குவார்கள். அதை இன்னும் கொஞ்சம் வளர்ந்தபின் யோசிக்கலாம்.

"உன் கலாச்சாரத்தைக் கத்துக்கோ" என்று சொல்லி அழைத்தால் எந்தப் பையனும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். "நாம எல்லாரும் போறோம், பிடிக்காத வகுப்புல உட்கார வேண்டாம்" என்று சொல்லுங்கள். டேக்வாண்டோ, ஜாங்கு மேளம் எல்லாம் இருக்கும். கிம்பாப் செய்யும் இடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் இளகிவிடுவார்கள். மூங்கில் பாயில் கடற்பாசித் தாளை விரித்து, நல்லெண்ணெய் கலந்த சோறு பரப்பி, மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயும் முட்டையும் வைத்து இறுக்கிச் சுருட்ட வேண்டும். முதல் உருளை பிரிந்து கொட்டும், பக்கத்துப் பையனுடையதும் கொட்டும், அங்கேயே பேச்சு தொடங்கிவிடும்.

அந்தப் பேச்சுதான் முகாமின் உண்மையான பலன். "உன் நிஜ அம்மா யாரு?" என்று அவனை அங்கே யாரும் குடைய மாட்டார்கள். அதனால் பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: வழிகாட்டிகளில் எத்தனை பேர் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்தவர்கள்? கொரியப் போருக்குப் பின் ஏறத்தாழ 2 லட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துப்போயிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் கைவினை மட்டும் சொல்லித்தரும் முகாம் என்றால் விட்டுவிடுங்கள்.

பெற்றோருக்கான அமர்வைத் தவறவிடாதீர்கள். சில பேச்சுகள் சுடும். பெற்றோர் உயிரோடிருந்த குழந்தைகளும் அனாதை எனப் பதிவானதை, கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. வளர்ந்த தத்துப்பிள்ளை ஒருவர் அந்தக் கோபத்தோடு பேசினால், "நாங்க அப்படியில்லை" என்று குறுக்கே விழாமல் கேளுங்கள். நாளை உங்கள் மகனும் தன் தத்தெடுப்பு ஆவணங்களைப் பற்றிக் கேட்பான்.

முகாம் மட்டும் போதாது. வளர்ந்த தத்துப்பிள்ளைகளிடம் கேட்டு, அமெரிக்காவின் டொனால்ட்சன் தத்தெடுப்பு ஆய்வு நிறுவனம் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது: பல இனப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, தன் இனத்துப் பெரியவர்கள், பிறந்த நாட்டுப் பயணம், இவைதான் கூடுதலாகக் கைகொடுத்திருக்கின்றன. ஆண்டு முழுவதும் அவன் பார்க்கும் ஆசிரியரோ பல் டாக்டரோ கொரியராக இருக்க முடியுமா என்று பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டாம் என்றால், சரி, இந்த ஆண்டு விடுங்கள். அடுத்த கோடையில் மறுபடி கேளுங்கள்.