ஏபிஏ-வில் போட்ட 68 மேற்கோள்களை எண் முறைக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி: சேலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களின் நிழல் மரங்கள் பற்றி ஒரு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பினேன். மதிப்பீட்டுக்கே போகாமல், ‘மேற்கோள்கள் எங்கள் வடிவத்தில் இல்லை’ என்று திருப்பிவிட்டார்கள். நான் போட்டது ஏபிஏ முறை (ஆசிரியர் பெயரும் ஆண்டும்). அவர்கள் கேட்பது எண் முறை (வரிசை எண்). மொத்தம் 68 ரெஃபரன்ஸ். எல்லாவற்றையும் கையால் மாற்ற வேண்டுமா? பழைய கெசட்டியர் (மாவட்ட விவரத் தொகுப்பு), தமிழ் நூல், ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் நேரில் சொன்னது, இதையெல்லாம் எப்படிக் காட்டுவது?

பதில்: கையால் மாற்றாதீர்கள். எண் முறையில் ஒரு பத்தியை முன்னே பின்னே நகர்த்தினாலே அதற்கடுத்த எண்கள் எல்லாம் மாறிவிடும். மதிப்பீட்டாளர் இரண்டு ரெஃபரன்ஸ் சேர்க்கச் சொன்னால் மறுபடியும் அதே பாடு. அடுத்த இதழுக்கு அனுப்ப நேர்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜோடெரோ என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். கட்டுரையின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர அடையாள எண்) கொடுத்தால் ஆசிரியர், தலைப்பு, தொகுதி, பக்கம் எல்லாம் தானாக வந்து உட்காரும். பிறகு வேர்டு கோப்பில் நீங்கள் தட்டச்சு செய்த மேற்கோள்களை ஒவ்வொன்றாக அழித்து, அந்த இடத்தில் ஜோடெரோ வழியாகச் செருக வேண்டும். இந்த ஒரு முறைதான் கைவேலை. அதற்கப்புறம் இதழின் பெயரைத் தேடி அதன் மேற்கோள் நடையைத் (ஸ்டைல்) தேர்ந்தெடுத்தால் கட்டுரை முழுதும் எண்ணாகிவிடும்.

ஆனால் மென்பொருள் மாற்றுவது வடிவத்தை மட்டும்தான். உள்ளே இருக்கும் தகவல் தப்பு என்றால் அந்தத் தப்பையே அழகாக அடுக்கித் தரும். உங்கள் நேரம் செலவாக வேண்டிய இடம் அதுதான். தானாக வந்த ஒவ்வொரு பதிவையும் கட்டுரையின் முதல் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலைப்பு முழுதும் பெரிய எழுத்தில் வந்திருக்கும், பக்க எண் விடுபட்டிருக்கும், தலைப்பில் வரும் தாவரங்களின் அறிவியல் பெயர் சாய்வெழுத்தில் இருக்காது. ஆசிரியர்கள் எத்தனை பேரானாலும் எல்லாப் பெயர்களையும் பதியுங்கள். ஏபிஏ 7-ஆம் பதிப்பு 20 பேர் வரை பட்டியலில் கேட்கிறது. எண் முறைகளில் ஒன்றான வான்கூவரில் வழக்கமாக முதல் 6 பேர், பிறகு ‘மற்றும் பிறர்’. எங்கே வெட்டுவது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

நம் ஊர்ப் பெயர்களில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். மு. செல்வராஜ் என்று ஒருவர் இருக்கிறார் என்று வையுங்கள். அவருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; மு. என்பது தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பட்டியலில் அவர் செல்வராஜ் மு. என்று வர வேண்டும். அவரே ஒரு கட்டுரையில் செல்வராஜ் முத்துசாமி என்று விரித்து எழுதியிருந்தால், தரவுத்தளம் முத்துசாமியைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு முத்துசாமி எஸ். ஆக்கிவிடும். ஒரே ஆள் உங்கள் பட்டியலில் இரண்டு பேராக நிற்பார். ஊகித்துத் திருத்த வேண்டாம். அவருடைய ஆர்கிட் (ORCID, ஆய்வாளர் அடையாள எண்) பக்கத்தையும், அவர் தன் பழைய கட்டுரைகளை எப்படிக் குறிப்பிடுகிறார் என்பதையும் பார்த்து முடிவு செய்யுங்கள். உழைத்து எழுதியவரின் பெயர் சரியாக வருவது நாம் அவருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

கெசட்டியர் என்று நீங்கள் சொல்வது ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட கெசட்டியராக இருந்தால், ஆண்டு 1918. இணையத்தில் ஸ்கேன் ஏற்றிய ஆண்டைப் போட்டுவிடாதீர்கள். வெளியீட்டு இடம் மதராஸ் என்று அச்சாகியிருந்தால் அப்படியே இருக்கட்டும், சென்னை ஆக்க வேண்டாம். மறுபதிப்பைப் படித்திருந்தால் மறுபதிப்பு ஆண்டோடு மூல ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள். மரங்களை அடையாளம் காண கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூலைப் பார்த்திருப்பீர்கள். அது 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வந்தது. கேம்பிள் 1925-இல் இறந்த பிறகு ஃபிஷர்தான் முடித்தார். நீங்கள் பார்த்த பகுதி எது, அது வந்த ஆண்டு எது, எழுதியவர் யார் என்று கவனித்துப் பதியுங்கள். இன்னொன்று: காபிச் செடியின் அறிவியல் பெயரான காஃபியா அராபிகா என்பதை அடுத்து வரும் எல். என்ற எழுத்து, அந்தப் பெயரை வைத்த தாவரவியலாளர் லின்னேயஸைக் குறிக்கும். அது மேற்கோள் அல்ல. இதழ் கேட்காத வரை அதற்காக லின்னேயஸைப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவிலிருந்து எடுத்த ஆய்வேடு என்றால், அத்தியாயக் கோப்பின் இணைப்பைக் கொடுக்காமல் ஆய்வேட்டுக்கு உரிய நிரந்தர ஹேண்டில் இணைப்பைக் கொடுங்கள். தமிழ் நூலுக்கு ஏபிஏ-வில் தலைப்பை ரோமன் எழுத்தில் ஒலிபெயர்த்து, ஆங்கில மொழிபெயர்ப்பைச் சதுர அடைப்புக்குள் தர வேண்டும். வான்கூவரில் வழக்கம் கொஞ்சம் வேறு, மொழியின் பெயரையும் இறுதியில் சேர்ப்பார்கள். காபி வாரியப் புள்ளிவிவரம் மாதிரி மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களுக்குப் பார்த்த தேதி கட்டாயம். பக்கத்தின் நகல் ஒன்றையும் சேமித்து வையுங்கள்.

தோட்டக்காரர்கள் விஷயத்தைத் தனியாக யோசிக்க வேண்டும். ஆய்வுக்காகத் திட்டமிட்டு அவர்களைச் சந்தித்துப் பேட்டி எடுத்தீர்கள் என்றால் அது உங்கள் தரவு. எத்தனை பேர், எப்போது, எப்படிச் சம்மதம் வாங்கினீர்கள் என்பதை ஆய்வுமுறைப் பகுதியில் எழுதுங்கள், பட்டியலில் இடமில்லை. போகிற போக்கில் ஒரு தோட்ட மேலாளர் சொன்ன ஒற்றைத் தகவல் என்றால் அது தனிப்பட்ட தகவல் தொடர்பு. வாக்கியத்திலேயே அடைப்புக்குள் அவர் பெயரும் தேதியும் வரும், பட்டியலில் வராது. அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றினால் எந்த இடைவெளியில் நட வேண்டும் என்று ஒருவர் தன் அனுபவத்திலிருந்து சொன்னதை, யார் சொன்னது என்றே காட்டாமல் ‘பொதுவாக அறியப்பட்டதே’ என்று எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சொன்ன மர அறிவுக்கும் இது பொருந்தும்.

எண் முறையில் பலர் கவனிக்காத இடம் அட்டவணை. அட்டவணையில் மட்டும் வரும் மேற்கோளுக்கு, கட்டுரை உடலில் அந்த அட்டவணை முதன்முதலாகக் குறிப்பிடப்படும் இடத்தை வைத்துத்தான் எண் வர வேண்டும். அட்டவணைகளைக் கோப்பின் கடைசியில் வைத்தால் மென்பொருள் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். எனவே அவற்றை உரிய இடத்திலேயே வைத்து எண் போட்டு முடியுங்கள்.

எண் சதுர அடைப்பிலா மேலெழுத்திலா, முற்றுப்புள்ளிக்கு முன்னா பின்னா, இதழ்ப் பெயர் முழுதாகவா சுருக்கமாகவா: இதற்கெல்லாம் இதழின் ஆசிரியர் வழிகாட்டியையும், அதே இதழில் சமீபத்தில் வந்த ஒரு கட்டுரையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால் வழிகாட்டியைப் பின்பற்றுங்கள்.

அனுப்பும் முன் 68-இல் டிஓஐ உள்ளவற்றின் இணைப்புகளை எல்லாம் சொடுக்கிப் பாருங்கள். ஏஐ செயலியிடம் கேட்டு வாங்கிய ரெஃபரன்ஸ் ஏதாவது இருந்தால் அதை முதலில் சோதியுங்கள், இல்லாத கட்டுரைக்கும் பொருத்தமான தலைப்போடு விவரம் தந்துவிடும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருந்தால் ஜோடெரோவே சிவப்பில் எச்சரிக்கும். இதழ் மென்பொருள் இணைப்பு நீக்கிய கோப்பு கேட்டால், நீக்குவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துவிடுங்கள். நீக்கிய கோப்பில் எண்கள் வெறும் எழுத்தாகிவிடும். மதிப்பீட்டாளர் திருத்தம் கேட்கும்போது அந்த நகலில்தான் வேலை செய்ய முடியும்.