கேள்வி–பதில்: மீண்டும் ‘பார்த்திபன் கனவு’

கேள்வி: பள்ளி நாட்களில் ஊணுறக்கம் மறந்து படித்த கல்கியின் ‘பார்த்திபன் கன’வை முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தேன். சிவனடியாராக வருபவர் பல்லவ நரசிம்மவர்ம சக்கரவர்த்தியே என்பது தெரிந்துவிட்டதால் விறுவிறுப்பு குறைந்துபோயிற்று. ‘பொன்னியின் செல்வ’னில் ஊறியவர்களுக்கு இது சிறுபிள்ளைக் கதைதானோ?
– வாசகி, திருச்சி

பதில்: ‘கல்கி’ இதழ் பிறந்த 1941-ஆம் ஆண்டிலேயே தொடராக வரத் தொடங்கிய, அவருடைய முதல் சரித்திர நாவல் இது. காட்டாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் சோழ இளவரசன் விக்கிரமனைக் கரையேற்றப் படகோட்டி பொன்னன் சொல்லிவைத்தாற்போல் அங்கே இருப்பதும், வஞ்சகன் மாரப்ப பூபதி வாயைத் திறக்கும்போதே அவன் நோக்கம் விளங்கிவிடுவதும் கன்னி முயற்சியின் குறைகள்தாம். ஆனால் போர்க்களக் காட்சியை மட்டும் நிதானமாகத் திரும்பப் படியுங்கள். நிலவொளியில் பிணங்களுக்கு நடுவே குற்றுயிராய்க் கிடக்கும் சோழ மன்னன் பார்த்திபன், தன் மகனை வீரனாக வளர்க்கும்படி சிவனடியாரிடம் வேண்டிவிட்டு, தாங்கள் யார் என்று கேட்க, அவர் சடைமுடியையும் தாடியையும் சற்றே விலக்கிக் காட்டுகிறார். சாகப்போகிறவன் அந்த முகத்தைப் பார்த்து வியக்கிறான், நமக்கோ ஆசிரியர் அதைக் காட்டுவதில்லை. அத்தை வீட்டிலிருந்த, இதழிலிருந்து கிழித்துத் தைத்த பழம்பிரதியில் நான் முதன்முறை படித்தபோது அந்த முகம் யாருடையது என்ற கேள்வி ஒன்றுதான் என் மனத்தில் இருந்தது. விடை தெரிந்து படிக்கும்போதுதான், தன்னை எதிர்த்து மாண்டவனின் கனவைத் தன் தலைமேல் சுமந்துகொண்ட வெற்றியாளன் ஒருவனின் கதை இது என்பதும், தேசப்பிரஷ்ட (நாடு கடத்தும்) தண்டனை விதித்த அதே வாயால் விக்கிரமனுக்கு வீரம் போதித்தவனும் அவனே என்பதும் உறைக்கின்றன. எனக்கு விறுவிறுப்பு கூடத்தான் செய்தது.

கேள்வி: பார்த்திபன் என்று ஒரு சோழன் உண்மையில் இருந்தானா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பார்த்திபனும் விக்கிரமனும் கற்பனையே, சக்கரவர்த்தியின் மகளுக்கு இட்ட குந்தவி என்ற பெயர்கூடப் பிற்காலச் சோழர் குடும்பத்திலிருந்து ஆசிரியர் எடுத்துக்கொண்டதாகவே தோன்றுகிறது. பின்னணி மட்டும் கற்பனையன்று. நரசிம்மவர்மர் 642-இல் சாளுக்கியரின் தலைநகரான வாதாபியை வென்றார். அவருடைய தந்தை மகேந்திரவர்மர் திருச்சி மலையில் குடைவித்த குகைக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டில், ‘பூமியிலுள்ள கோயிலில் இருந்துகொண்டு சோழநாட்டின் காவிரியை நான் எப்படிக் காண்பேன்’ என்று சிவபெருமான் கேட்பதாகவும், அதற்காகவே அரசர் மலைமேல் கோயில் அமைத்ததாகவும் செய்தி இருக்கிறது. சோழரின் உறையூர் பல்லவருக்குக் கப்பம் கட்டியது என்னும் கதையின் அடித்தளத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

கேள்வி: ‘சிவகாமியின் சபத’த்தை முதலில் படிக்கலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கதைப்படி அதுதான் முந்தையது, எழுதப்பட்டது பிந்தி. எழுதிய வரிசையிலேயே படியுங்கள். வாளைத் துறந்து அடியவராகிவிட்ட சிறுத்தொண்டரை இங்கே கண்ட பிறகு, பின்னாளில் அவராகப்போகிற, கல்வி கற்பதற்காகக் காஞ்சிக்கு நடந்துவரும் பட்டிக்காட்டு இளைஞன் பரஞ்சோதியை அங்கே சந்திப்பது தனிச் சுவை. இங்கே வரும் ஒற்றைக்கைக் கபால பைரவரின் மற்றொரு கை என்னவாயிற்று என்பதையும் அங்கே விவரமாகத் தெரிந்துகொள்ளலாம்.