பகடை மேஜை: நாலடி இரண்டு அங்குல வீராங்கனைக்கு எத்தனை மைனஸ்?

கேள்வி: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டத்தில் அகாண்ட்ரோபிளேசியா (கை கால் எலும்பு குட்டையாக வளரும் பிறவி நிலை) உள்ள ஒரு மனிதப் பெண்ணாக ஆட ஆசைப்படுகிறேன். உயரம் 4 அடி 2 அங்குலம், ஈட்டி வீராங்கனை. ஆட்டத்தை நடத்தும் எங்கள் டிஎம் அண்ணன், "அதற்குத்தான் டுவார்ஃப் இனம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள். மனிதப் பெண்தான் வேண்டும் என்றால் வேகத்தில், அதாவது ஒரு முறைக்கு நகரும் தூரத்தில், 10 அடியும் பலத்தில் 2 புள்ளியும் குறைப்பேன்" என்கிறார். அவர் சொல்வது சரியா?
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சரியில்லை. எதையும் குறைக்க வேண்டாம்.

முதலில் அந்த டுவார்ஃப் விஷயம். ஆட்டத்தில் வரும் டுவார்ஃப் என்பது வட ஐரோப்பியப் புராணங்களிலிருந்து வந்த தனி இனம். இருட்டில் கண் தெரியும், விஷம் எளிதில் ஏறாது, 350 வயது வரை வாழ்வார்கள். நீங்கள் கேட்பது எலும்பு வளர்ச்சி சற்று வேறாக அமைந்த ஒரு மனுஷியை. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் இருப்பதால் வந்த குழப்பம் இது. நிஜ உலகில் அகாண்ட்ரோபிளேசியா உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அவர்களிடம் போய், "உன் ஆட்கள் மலைக்கு அடியில் சுரங்கம் தோண்டுகிறார்கள், அங்கே போ" என்று சொல்வீர்களா?

அப்புறம் விதிக்கு வருவோம். விதிப்புத்தகத்தின் 2024 பதிப்பில் மனிதப் பாத்திரம் மீடியம் அளவா ஸ்மால் அளவா என்று ஆடுபவரே முடிவு செய்யலாம். 4 முதல் 7 அடி வரை மீடியம், 2 முதல் 4 அடி வரை ஸ்மால். உங்கள் வீராங்கனை 4 அடி 2 அங்குலம், அதாவது எந்தத் திருத்தமும் இல்லாமலே அவள் மீடியம்! வேகத்தைப் பொறுத்தவரை, 2014 பதிப்பில்கூட ஹாஃப்லிங் என்ற மூன்றடி உயரக் கற்பனை இனத்துக்கு 5 அடிதான் குறைத்திருந்தார்கள், 2024-ல் அதையும் எடுத்துவிட்டு எல்லாரையும்போல 30 அடி ஆக்கிவிட்டார்கள். புத்தகமே கைவிட்ட தண்டனையை இரண்டு மடங்காக்கி உங்கள் தலையில் ஏன் வைக்க வேண்டும் என்று அண்ணனிடம் கேளுங்கள். கர்ப்ஸ் போன்ற வேறு பாத்திர ஆட்டங்களில் கதை வேறு. அங்கே குள்ளத்தன்மைக்கு மைனஸ் 15 புள்ளி என்று எழுதியிருக்கும், ஆனால் அந்த 15 புள்ளியை வேறு திறமைகளில் போட்டுக்கொள்ளலாம், எல்லாமே அங்கே கொடுக்கல் வாங்கல்தான். இங்கே எதுவும் திரும்பி வராது, வெறும் பிடித்தம் மட்டும்.

பலம் குறையும் என்று அவர் இன்னும் நினைத்தால் ஒரு கணக்குச் சொல்லுங்கள். ஜாவலினை எவ்வளவு முயன்றாலும் 120 அடிக்கு மேல் எறிய முடியாது என்கிறது விதிப்புத்தகம். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், 145 செ.மீ.க்கு மிகாத ஆண்களுக்கான எஃப்41 பிரிவில் தங்கம் வாங்கிய நம் நவ்தீப் சிங் எறிந்தது 47.32 மீட்டர், அதாவது 155 அடி. போட்டி ஈட்டி வேறு, போர் ஈட்டி வேறு என்பார், சரி, இருக்கட்டும், 35 அடி வித்தியாசம் இருக்கிறதே. வேகம் பற்றி வாதம் செய்தால் அதே பாரிஸில் உயரம் குறைந்தவர்களுக்கான எஸ்எச்6 பாட்மிண்டனில் வெண்கலம் வாங்கிய ஓசூர் நித்யஸ்ரீ சிவனின் கால்கள் மைதானத்தில் எப்படி ஓடுகின்றன என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அதற்காக உடம்பை மறந்துவிட்டு ஆடச் சொல்லவில்லை. எண்ணில் தொடாமல் பொருளிலும் இடத்திலும் காட்டச் சொல்கிறேன், எனக்கு இதுதான் முக்கியம். கவசத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அகாண்ட்ரோபிளேசியாவில் நடு உடல் கிட்டத்தட்ட மற்றவர்களைப் போலத்தான் இருக்கும், கையும் காலும்தான் குட்டை, அதிலும் தோள் முதல் முழங்கை வரையும் இடுப்பு முதல் முட்டி வரையும். எங்கள் மேஜையில் இப்படி ஒரு பாத்திரம் ஆயுதக் கடைக்குப் போனாள். கொல்லன் ஒரு பையனுக்குச் செய்த சங்கிலிக் கவசத்தைக் கொண்டுவந்து கொடுத்தான், அது மார்பிலேயே சிக்கிக்கொண்டது. பெரியவர்களுடையதைப் போட்டால் கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. அவள் பெஞ்சில் உட்கார்ந்து, "மார்புக் கவசம் அப்படியே இருக்கட்டும், கையில் நாலு வரிசை வளையத்தைக் கழற்றுங்கள், முழங்கைப் பக்கம் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், என் கை முழுதாக நீளாது" என்று வரிசையாகச் சொன்னாள். வாழ்நாள் முழுக்கத் தையற்காரரிடம் இதையே சொல்லிவந்த பெண் என்பது அந்த ஒரு பேச்சிலேயே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பகடையே உருட்டவில்லை.

குதிரைச் சேணத்தில் அங்கவடியை ஏற்றிக் கட்டுவது, பையில் மடக்கு முக்காலி, விடுதியில் கண் மட்டத்துக்கு வரும் கல்லா, இதெல்லாம் அப்படித்தான். நீண்ட நடைக்கு மட்டும் நிஜத்தில் ஒரு காரணம் உண்டு. இந்த நிலையில் தண்டுவடக் குழாய் குறுகலாக இருப்பதால் பெரியவர்கள் பலருக்கு நெடுந்தூரம் நடந்தால் கால் மரத்துப்போகும், குனிந்து உட்கார்ந்தால் தேவலாம் ஆகும். அவளுக்கும் அப்படி இருக்கட்டும் என்று நீங்கள் விரும்பினால் மட்டும், பயணத்தில் ஒரு கோவேறு கழுதை வைத்துக்கொள்ளுங்கள். முடிவு உங்களுடையது, டிஎம்முடையது அல்ல.

கேள்வி: என் பாத்திரமும் குள்ளத்தன்மை உள்ளவன்தான். எங்கள் குழுவில் ஒருவர் ஒவ்வொரு சண்டையிலும் "அவனைத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிகிறேன்" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நன்றாக இருக்குமா?
வாசகர், மதுரை

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதே போதுமான காரணம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். மதுக்கடைகளில் உயரம் குறைந்தவர்களைத் தூக்கி எறிந்து போட்டி நடத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடா 1989-ல் அதைத் தடை செய்தது. பிரான்சில் ஒரு சிறு நகரத்தின் மேயர் போட்ட தடையை அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 1995-ல் சரி என்றது. அங்கே எறியப்பட்டவரே "இது என் பிழைப்பு" என்று ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனார், 2002-ல் அங்கேயும் தடையில் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் பக்கம் எனக்கு அனுதாபம் உண்டு, வேலை போனது அவருக்குத்தானே. ஆனால் எறிவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தையாவது கேட்டிருந்தார்கள். உங்களிடம் அதுகூடக் கேட்கவில்லை.

விதிப்படியும் இதற்கு இடமில்லை. ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் தூக்க வேண்டும் என்றால் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் அது தாக்குதல், அதற்குப் பகடை உருட்ட வேண்டும். மதில் தாண்ட நீங்களாகவே "என்னைத் தூக்கி விடு" என்று கேட்கும் நாள் வந்தால் அது வேறு. டிஎம்மிடம் தனியாகப் பேசிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள்.

கேள்வி: தமிழில் ஆடும்போது இந்தப் பாத்திரத்தை எப்படிக் குறிப்பிடுவது? "குள்ளன்" என்றால் தப்பா?
வாசகர், திருச்சி

பதில்: பள்ளிக்கூடத்தில் யாரையாவது கூப்பிட்டு அழவைத்த சொல் அது, வேண்டாம். உயரம் குறைந்தவர் என்பது போதும். நம் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 147 செ.மீ. அல்லது அதற்குக் குறைவான உயரம் கொண்ட பெரியவர்களுக்குத் தனி வகையே இருக்கிறது, அதைத் தமிழில் குள்ளத்தன்மை என்று எழுதுகிறோம். தன்மையின் பெயராக அது சரி, ஆளின் பெயராக வேண்டாம். கதையில் ஒரு பட்டம் வேண்டும் என்றால் அகத்தியருக்கு நம்மவர்கள் வைத்த பெயர் இருக்கிறது: குறுமுனி. கடலையே குடித்தவர், பொதிகையில் உட்கார்ந்து தமிழுக்கு இலக்கணம் எழுதியவர் என்று கதை. அந்த மரியாதையோடு ஒரு பெயர் வைத்துவிட்டு, பிறகு எல்லாரும் அவளை அவள் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்.