நிரல் நூலகத்திலேயே திறந்திருக்கும் கதவுகள்: கேள்வி பதில்

ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்புகளில்) ‘வெளியாள் நிரலை இயக்கும் ஓட்டை’ என்கிறார்களே, அது சி மொழியில் பஃபர் வழிவது, அதாவது நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டித் தரவு எழுதப்படுவது மாதிரியா சார்?

பெரும்பாலும் இல்லை. லைப்ரரி எழுதியவரே வசதிக்காக வைத்த கதவு வழியாகத்தான் வருகிறார்கள். ஜாவாவில் சரங்களை, அதாவது எழுத்துக் கோவைகளைக் கையாளும் அப்பாச்சி காமன்ஸ் டெக்ஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். சரத்துக்குள் டாலர் குறியும் அடைப்பும் போட்டு மாறியின் பெயரை எழுதினால், மதிப்பை நிரப்பித் தரும். அதே அடைப்பு ‘ஸ்கிரிப்ட்’ என்று தொடங்கினால், பின்னால் வருவதை நிரலாகவே இயக்கிவிடும். 1.5 முதல் 1.9 வரையிலான பதிப்புகளில், மதிப்பை நிரப்பும் பகுதியான இண்டர்போலேட்டரில் இது இயல்பாகவே திறந்து கிடந்தது. 1.10.0இல் முடக்கினார்கள். 2022 அக்டோபரில் விஷயம் ஊரறிந்தது.

அப்படியென்றால் அது இன்னொரு லாக்4ஜே (நிரலில் நடப்பதை லாகில் பதியும் ஜாவா லைப்ரரி) ஓட்டைதானே?

பெயரைக்கூட அப்படித்தான் வைத்தார்கள், டெக்ஸ்ட்4ஷெல் என்று. ஆனால் 2021 டிசம்பரில் வந்த லாக்4ஜே ஓட்டைக்கு, வெளியாள் அனுப்பிய ஒரு சரம் லாகில் பதிவானாலே போதும். லாகில் எதைத்தான் பதிய மாட்டோம்? காமன்ஸ் டெக்ஸ்டில், அந்தச் சரத்தை நாமே இண்டர்போலேட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். போதாததற்கு ஜாவா 15இல், ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நாஷார்ன் இன்ஜினையே எடுத்துவிட்டார்கள். இயக்க இன்ஜின் இல்லையென்றால் ‘ஸ்கிரிப்ட்’ வழி அடைபடும். ஓட்டையின் தீவிரத்துக்கான மதிப்பெண் என்னவோ 10க்கு 9.8. எண்ணைப் பார்க்கும் முன், உங்கள் நிரல் அந்தப் பகுதியை அழைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பைத்தானில் யாம்ல் வடிவ செட்டிங்ஸ் கோப்பை, பையாம்ல் லைப்ரரியின் யாம்ல்.லோட் கொண்டு படிக்கிறேன். வெறும் செட்டிங்ஸ்தானே அண்ணா?

கோப்பை எழுதியது யார்? நீங்களே என்றால் கவலையில்லை. பயனர் பதிவேற்றுவது என்றால், பழைய பையாம்லில் ஒரு டேக்கைப் போட்டே சிஸ்டம் கட்டளையை இயக்கலாம். 5.1இல் எச்சரிக்கை வந்தது, 6.0இல் லோடரை, அதாவது கோப்பைப் படிக்கும் முறையைக் குறிப்பிடாமல் அழைத்தால் பிழையே வரும். அந்தப் பிழை தொலையட்டும் என்று ‘அன்சேஃப்லோடர்’ எழுதிவைத்த நிரலையும் பார்த்திருக்கிறேன். பெயரிலேயே சொல்லியிருக்கிறார்கள், இருந்தும்! சேஃப்_லோட் போதும். பைத்தான் ஆப்ஜெக்ட்டுகளைக் கோப்பில் சேமிக்கும் பிக்கிளுக்கு இப்படி ஒரு மாற்று கிடையாது. அந்நியர் தரும் பிக்கிள் கோப்பைத் திறக்கவே திறக்காதீர்கள், தரவை மட்டும் வைக்கும் ஜேசனுக்கு மாறுங்கள்.

சரத்தைப் பைத்தான் நிரலாக இயக்கும் ஈவலுக்கு, மொழியோடு வரும் செயல்பாடுகளான பில்டின்ஸைக் காலியாகக் கொடுத்துவிட்டால் பாதுகாப்புதானே?

தாண்டிவிடுவார்கள். ஒரு வெற்று டியூப்பிளிலிருந்து அதன் கிளாஸ், அங்கிருந்து மூல கிளாஸ், அங்கிருந்து அதன் வாரிசுகள் எல்லாம் என்று ஏறி இறங்கினால், கோப்பையோ கட்டளையையோ தொடும் கிளாஸ் ஒன்று அகப்படும். எண்ணும் பட்டியலும் மட்டும் வேண்டுமென்றால் லிட்டரல்_ஈவல் போதும்.

பயனர் எழுதும் ஜாவாஸ்கிரிப்டை இயக்கியே ஆக வேண்டும். சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் நோடில், அந்நிய நிரலை வேலிக்குள் வைத்து இயக்கும் விஎம்2 லைப்ரரியை வைத்தால் பாதுகாப்புதானே?

நானும் ஒரு காலத்தில் அதைப் பரிந்துரைத்தவன்தான். நோடின் சொந்த விஎம் மாட்யூலைப் பாதுகாப்புக்கு நம்ப வேண்டாம் என்று ஆவணமே சொல்வதால், எல்லோரும் விஎம்2வுக்குப் போனோம். 2022இல் அதில் 10க்கு 10 வாங்கிய ஓட்டை வந்தது. அடைக்க அடைக்க அடுத்தது. 2023 ஜூலையில் அதைப் பராமரித்தவரே திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்து, ஐசொலேட்டட்-விஎம் என்ற வேறொரு லைப்ரரி பக்கம் கைகாட்டினார். உள்ளே இருக்கும் ஆப்ஜெக்ட்டுகளும் வெளியே இருப்பவையும் ஒரே பிராசஸில் ஒன்றையொன்று தொடும்வரை, எங்கோ ஒரு நூல் பிரியும். தனி பிராசஸ், குறைந்த அனுமதி, நெட்வொர்க் துண்டிப்பு: இந்த மூன்றும் இல்லாமல் நான் இப்போது யாருக்கும் சரி என்று சொல்வதில்லை.

எங்கள் சர்வர் லாகில் ‘ஈவல்-எஸ்டிடிஇன்.பிஎச்பி’ என்ற கோப்பைக் கேட்டு ஓயாமல் கோரிக்கைகள் வருகின்றன. நாங்கள் அப்படி எதுவும் எழுதவில்லையே?

நீங்கள் எழுதியதில்லை, பிஎச்பி நிரல்களைச் சோதிக்கும் கருவியான பிஎச்பியூனிட்டோடு வந்தது. பழைய பதிப்புகளில் அந்தக் கோப்பு, கோரிக்கையின் உடலில் வருவதை அப்படியே இயக்கும். 2017இல் தெரியவந்த இதை இன்றும் தேடி அலைகிறார்கள். சோதனைக் கருவியை நேரலை சர்வரில் நிறுவாமல், வெளி லைப்ரரிகள் இருக்கும் வெண்டர் ஃபோல்டரையும் வெப் ரூட்டுக்கு (இணையத்திலிருந்து எட்டக்கூடிய ஃபோல்டருக்கு) வெளியே வைத்திருந்தால், ‘கோப்பு இல்லை’ என்னும் 404தான் போயிருக்கும். லாகில் ‘கிடைத்தது’ என்னும் 200 இருந்தால் மட்டும் பதறுங்கள். அப்போது அப்டேட் போதாது. சர்வரைப் புதிதாக நிறுவி, அதில் இருந்த டேட்டாபேஸ் கடவுச்சொற்களையும் ஏபிஐ சாவிகளையும் மாற்றுங்கள்.